நான்ஜிடோவின் இரண்டு மலைகள்

சியோல் நகரின் மேற்கு ஓரத்தில், ஹான் ஆற்றின் வடகரையை ஒட்டி, உச்சி தட்டையான இரண்டு மலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. நகரைச் சூழ்ந்திருக்கும் மற்ற மலைகள் கூர்முகடுகள் கொண்ட கருங்கல் மலைகள். இவை இரண்டு மட்டும் ஒரே மட்டத்தில் முடிகின்றன. காரணம், இவற்றை உருவாக்கியது பூமி அல்ல. 1978 முதல் 1993 வரை சியோல் மக்கள் கொட்டிய குப்பைதான் இந்த மலைகளின் உடல். அதன் கன அளவு சுமார் 9 கோடியே 20 லட்சம் கன மீட்டர். கிழக்கு மலையின் உச்சியில் இருப்பது ஹானுல் பூங்கா, அதாவது வானப் பூங்கா. மேற்கு மலையில் இருப்பது நோவுல் பூங்கா, அந்திவானப் பூங்கா. அடிவாரத்தில் இருக்கும் மூன்று பூங்காக்களையும் சேர்த்து இந்த இடம் முழுவதற்கும் உலகக்கோப்பைப் பூங்கா என்று பெயர்.

இங்கே வருவது எளிது. சியோல் மெட்ரோவின் 6-ஆம் தடத்தில் உலகக்கோப்பை அரங்கம் என்ற நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே சாங்காம் கால்பந்து அரங்கம் தெரியும். 2002 மே 31 அன்று, அந்த ஆண்டின் உலகக்கோப்பைத் தொடக்க ஆட்டத்தில் செனகல் அணி நடப்பு சாம்பியன் பிரான்ஸை 1-0 என்று வீழ்த்தியது இங்கேதான். அந்த ஆட்டத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், மே 1 அன்று பூங்கா திறக்கப்பட்டது. உலகமே தொலைக்காட்சியில் பார்க்கப்போகும் அரங்கத்துக்குப் பக்கத்தில் குப்பைமேடு நிற்பதை அரசால் ஏற்க முடியவில்லை. பூங்கா அவ்வளவு விரைவாக எழுந்ததில் அந்தக் கூச்சத்துக்கும் பங்கு உண்டு.

அரங்கத்தைத் தாண்டி நடந்தால் முதலில் வருவது அமைதிப் பூங்கா. குளம், புல்வெளி, விளையாட்டுத் திடல் என்று எந்தப் பெருநகரத்திலும் காணக்கூடிய பூங்கா அது. அதனுள் 2012-இல் கட்டப்பட்ட எனர்ஜி டிரீம் சென்டர் என்ற கட்டடம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அங்கே அழைத்து வருகிறார்கள். ஆனால் இந்த இடத்தின் உண்மையான கதை மலைகளில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் மலைகள் இல்லாத காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மலைகள் நிற்கும் நான்ஜிடோ, ஹான் ஆற்றில் இருந்த தாழ்வான மணல் தீவு. மலர்த் தீவு என்ற பெயரும் அதற்கு இருந்தது. வெள்ளம் கொண்டுவந்த வண்டலில் நிலக்கடலையும் சிறுதானியங்களும் விளைந்தன. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து தங்கின. சியோல்வாசிகள் உலா வரும் இடமாகவும் இருந்தது. 1977-இல் வெள்ளத்தைத் தடுக்கக் கரை எழுப்பினார்கள். கரை வந்ததும் தீவு நிலத்தோடு சேர்ந்தது. நகரின் ஓரத்தில், ஆள் அதிகம் இல்லாத, லாரி போகக்கூடிய பள்ளமான நிலம் என்பதால் மறு ஆண்டே குப்பைக் கிடங்காக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தக் காலத்துச் சியோல் மூச்சுவிடாமல் வளர்ந்த நகரம். கிராமங்களிலிருந்து மக்கள் வந்து குவிந்தார்கள். 1988-இல் ஒலிம்பிக் போட்டியை நடத்தியபோது மக்கள்தொகை ஒரு கோடியை எட்டியிருந்தது. வீடுகள் பெரும்பாலும் யோன்டான் என்ற கரித்தூள் கட்டிகளை எரித்துத்தான் தரையைச் சூடாக்கின. உருளை வடிவில் நெடுகத் துளையிட்ட இந்தக் கட்டி எரிந்து முடிந்த பிறகும் அதே வடிவில் சாம்பல் கட்டியாக மிஞ்சும். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்குச் சில கட்டிகள், குளிர்காலம் முழுக்க. நான்ஜிடோவுக்குப் போன லாரிகளில் பெரும்பங்கு இந்தச் சாம்பல்தான். அதனோடு உணவுக் கழிவு, கட்டட இடிபாடு, தொழிற்சாலைக் கழிவு எல்லாம் எந்தப் பிரிப்பும் இல்லாமல் கலந்து வந்தன. முதலில் பள்ளம் நிரம்பியது. மாற்று இடம் தயாராகாததால் குப்பை மேல்நோக்கி வளர்ந்தது. மூடும் நாளில் அது தொண்ணூறு மீட்டரைத் தாண்டியிருந்தது. அடியில் தடுப்பு எதுவும் போடப்படாததால் கறுத்த கசிவுநீர் நேராக மண்ணுக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் இறங்கியது. உள்ளே உருவான மீத்தேன் பற்றிக்கொண்டு அடிக்கடி தீப்பிடித்தது. தெற்கே இருக்கும் ஜேஜு தீவைக் கொரியர்கள் கல், காற்று, பெண்கள் என்ற மூன்றும் மிகுந்த தீவு என்பார்கள். நான்ஜிடோவையும் மூன்று மிகுந்த தீவு என்றார்கள்: தூசி, நாற்றம், ஈ.

அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். லாரி கொட்டும் குப்பையிலிருந்து இரும்பு, செம்பு, பாட்டில், காகிதம், துணி ஆகியவற்றைப் பொறுக்கி விற்றுப் பிழைத்த ஆயிரக்கணக்கானவர்கள் மேட்டின் மேலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். லாரி நின்றதும் முதலில் கிளற உரிமை பெற்றவர்கள் முன்வரிசை. அவர்கள் விட்டதைத் தேடுபவர்கள் பின்வரிசை. முன்வரிசையில் இடம் பிடிக்கப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 1984-இல் நகர நிர்வாகம் அவர்களுக்காக வரிசை வரிசையாக வீடுகளை அமைத்துக் கொடுத்தது. கொரிய எழுத்தாளர் ஹ்வாங் சோக்-யோங் இந்த வாழ்க்கையை வைத்து 2011-இல் ஒரு நாவல் எழுதினார். தாயோடு குப்பை மேட்டுக்கு வந்து சேரும் ஒரு சிறுவனின் கண்வழியாக நகரும் அந்தக் கதையில் இந்த இடம் மலர்த் தீவு என்ற பழைய பெயரிலேயே வருகிறது. மறுசுழற்சி என்ற சொல் அரசாணைகளில் நுழைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதைக் கையால் செய்தவர்கள் இந்த மக்கள். கிடங்கை மூடியபோது பிழைப்பும் போய், வீடும் போய்க் கலைந்தார்கள். இன்று பூங்காவில் நடப்பவர்களின் கண்ணில் படும் அளவுக்கு அவர்களின் நினைவு அங்கே இல்லை. பூங்காவின் பெரிய குறை அதுதான்.

1993 மார்ச்சில் கிடங்கு மூடப்பட்டது. அதன்பின் நடந்தது தோட்ட வேலை அல்ல, கட்டுமான வேலை. மலையைத் தோண்டி அகற்றுவது அந்த அளவுக்கு நடவாத காரியம். ஆகவே குப்பையை அதே இடத்தில் அடக்கி வைப்பது என்று முடிவாயிற்று. 1996-இல் தொடங்கிய நிலைப்படுத்தும் பணி பூங்கா திறக்கும்வரை நீடித்தது. மலைகளைச் சுற்றி சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு, அடிப்பாறையைத் தொடும் ஆழம்வரை, நிலத்தடித் தடுப்புச் சுவர் இறக்கினார்கள். கசிவுநீர் இப்போது ஆற்றுக்குப் போகாமல் சுவருக்குள் தேங்கும். அதைக் கிணறுகளில் இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள். மழைநீர் உள்ளே புகாதபடி மேற்பரப்பை நீர்புகாத விரிப்பாலும் மண் அடுக்குகளாலும் மூடினார்கள். சரிவுகளின் சாய்வைக் குறைத்து உறுதிப்படுத்தினார்கள். மலைகளுக்குள் 106 வாயுக் கிணறுகளை இறக்கி, வெளிவரும் மீத்தேனைக் குழாய்வழியே எடுத்து, பக்கத்திலிருக்கும் வெப்ப ஆலைக்குக் கொண்டுபோனார்கள். கால்பந்து அரங்கத்துக்கும் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளுக்கும் அந்த வெப்பம் போயிற்று. குப்பை மக்க மக்க வாயு குறைந்து வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு கிடைப்பது சிறிதாகிறது.

சரிவை உறுதிப்படுத்துவது எத்தனை முக்கியம் என்பதற்குக் கொழும்பே சாட்சி. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து பக்கத்து வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னை எடுத்திருப்பது வேறு வழி. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பயோமைனிங் முறையில் பழைய குப்பையைக் கிளறி, சலித்து, மண்ணைத் தனியாகவும் பிளாஸ்டிக்கைத் தனியாகவும் பிரித்து அகற்றுகிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் இருக்கும் பெருங்குடிக்கு அதுவே பொருத்தம். சதுப்பு நிலத்துக்குள் குப்பையை மூடி வைத்தால் நஞ்சு நீரில் தொடர்ந்து கலக்கும். மூடி வைப்பதில் செலவும் நேரமும் குறைவு. ஆனால் காவல் முடிவதில்லை. நான்ஜிடோவில் கசிவுநீரை இறைப்பதும், நிலம் எத்தனை அமிழ்கிறது என்று அளப்பதும், வாயுவைச் சோதிப்பதும் பூங்கா திறந்த பிறகும் தொடர்கின்றன.

அமைதிப் பூங்காவிலிருந்து சாலைக்கு மேலாக ஒரு நடைபாலம் ஹானுல் மலையின் அடிவாரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து சரிவின்மேல் வளைந்து வளைந்து ஏறும் மரப்படிகள் 291. ஏற முடியாதவர்களுக்கு மின்சார வண்டி உண்டு. அதற்கு மேங்க்கோங்கி என்று பெயர். அது இந்த மலைகளில் குடியேறிய, அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு சிறு தவளையின் பெயர். மழைக்காலத்தில் மட்டும் வெளியே வந்து, தேங்கிய நீரில் முட்டையிட்டு, மற்ற மாதங்களில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் உயிர் அது. குப்பைமேட்டின் தலையில் அது குரல் கொடுக்கத் தொடங்கியது பூங்காவைக் கவனிப்பவர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. அதற்காகத் தனியே சிறு குட்டைகள் வெட்டிப் பாதுகாக்கிறார்கள். உயிர்களின் உறக்கத்தைக் கெடுக்காமல் இருக்கவே பூங்கா இரவில் மூடப்படுகிறது.

படி ஏறி முடித்தால் கடல்மட்டத்திலிருந்து 98 மீட்டர் உயரத்தில், சுமார் 19 ஹெக்டேர் பரப்பில் புல்வெளி விரிகிறது. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் இந்தப் புல்லைக் கொரியர்கள் ஒக்ஸே என்கிறார்கள். கரும்புக்கும் நாணலுக்கும் நெருங்கிய உறவு. நாட்டின் பல பகுதிகளிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். வளமற்ற மெல்லிய மண் அடுக்கிலும் பிடித்துக்கொள்ளும், காற்றுக்கு வளைந்து கொடுக்கும் என்பவை அதைத் தேர்ந்ததற்கான காரணங்கள். ஆழமாக வேர்விடும் பெருமரங்களை நட்டால் அவை அடியில் உள்ள மூடாக்கைத் துளைத்துவிடும் என்பதும் கருத்தில் இருந்தது. அக்டோபரில் ஒக்ஸே பூக்கும்போது மலையுச்சி முழுவதும் வெண்மையாகிறது. அப்போது நடக்கும் திருவிழாவின் சில நாட்களில் மட்டும் இரவிலும் அனுமதி உண்டு. விழா முடிந்ததும் புல்லை அடியோடு அறுத்துவிடுகிறார்கள். வசந்தத்தில் புதிதாகத் துளிர்க்கிறது. நடுவில் கம்பிச் சட்டங்களால் ஆன பெரிய கிண்ண வடிவக் காட்சிமேடை ஒன்று இருக்கிறது. அதில் ஏறி நின்றால் வடக்கே புகான்சான் மலைத்தொடரும், கிழக்கே நாம்சான் கோபுரமும், தெற்கே ஹான் ஆற்றின் பாலங்களும் தெரியும்.

புல்லுக்கு நடுவே அங்கங்கே குழாய்களும் மூடிகளுமாக நிற்பவை வாயுக் கிணறுகள். அவற்றை மறைக்காமல் விட்டிருப்பது நல்ல முடிவு. காலடியில் என்ன இருக்கிறது என்பதை வருகிறவர்களுக்கு நினைவூட்ட வேறு பலகை தேவையில்லை.

நோவுல் மலையின் கதை வேறு. 2004-இல் அங்கே ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் கட்டி முடித்தார்கள். குப்பையின் நாற்றத்தை ஊர் முழுவதும் தாங்கியிருக்க, கிடைத்த நிலத்தைச் சிலர் மட்டும் கட்டணம் கட்டி ஆடும் இடமாக்குவதா என்று மக்கள் கேட்டார்கள். மைதானத்தைக் கட்டிய அமைப்புக்கும் நகர நிர்வாகத்துக்கும் இடையில் வழக்கும் நடந்தது. கடைசியில் 2008 நவம்பரில் அது எல்லோருக்குமான பூங்காவாகத் திறக்கப்பட்டது. கோல்ஃபுக்காகப் பதமாக்கிய புல்வெளிகளில் இன்று குடும்பங்கள் கூடாரம் அடித்து மாலையில் சூரியன் மறைவதைப் பார்க்கின்றன. மக்கள் கேட்டிருக்காவிட்டால் இந்த மலை வேலிக்குள் போயிருக்கும்.

மலைகளின் சரிவுகள் உச்சியைப் போல ஒழுங்கானவை அல்ல. மண் குறைவு, கல்லும் பிளாஸ்டிக்கும் மிகுதி. சீமைக் கருவேலம் நம் ஊர்த் தரிசுகளைப் பிடிப்பதுபோல, தானாக முளைத்த அயல்நாட்டு மரங்களும் கொடிகளும் அங்கே முதலில் இடம்பிடித்தன. மரங்களைப் போர்த்தி நெரிக்கும் முள்வெள்ளரிக் கொடி பெரிய தொல்லை. இந்தச் சரிவுகளில் காடு வளர்க்கும் பொறுப்பைத் தன்னார்வலர்கள் எடுத்திருக்கிறார்கள். ஓக் மரத்தின் விதைகளை மரப்பெட்டியில் போட்டு வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்காரர்கள் அதை முளைக்கவைத்து, கன்றாக்கித் திருப்பி அனுப்பினால் சரிவில் நடுகிறார்கள். வேகமில்லாத வேலை, பத்து, இருபது ஆண்டுகள் கேட்கிற வேலை. ஆனாலும் பூங்கா திறந்த பிறகு இங்கே பதிவான தாவர, விலங்கு இனங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலாகியிருக்கிறது. ஹானுல் மலையடிவாரத்தில் நெட்டையாக வளர்ந்து நிற்கும் மெட்டாசெக்கோயா மரங்களின் நடைபாதையும், நான்ஜி ஓடையைச் சீர்செய்து அமைத்த பூங்காவும், ஆற்றோரத்து முகாம் திடலும் நிதானமாக நடந்து பார்க்கத் தக்கவை.

பூங்காவோடு பயணத்தை முடித்துக்கொள்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மறுபாதி சியோலின் கடைகளிலும் அடுக்குமாடி வீடுகளின் முற்றங்களிலும் இருக்கிறது. ஒரு கிடங்கை மூடுவதால் குப்பை நின்றுவிடாது. நான்ஜிடோவுக்குப் பதிலாக 1992-இலேயே இஞ்சியோன் கடற்கரையில் நிரப்பிய நிலத்தில் சுடோக்வொன் கிடங்கு தொடங்கியது. அது அடித்தடுப்போடு முறையாகக் கட்டப்பட்டது. ஆனால் சியோலின் குப்பையை இன்னொரு ஊர் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியும் அதோடு பிறந்தது. குப்பையைக் குறைத்தே ஆகவேண்டிய நிலை.

1995 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒரு விதி வந்தது. வீட்டுக் குப்பையை அந்தந்த வட்டார நிர்வாகம் அச்சிட்டு விற்கும் பையில்தான் போட வேண்டும். பையின் விலையிலேயே குப்பையை அகற்றும் கட்டணம் அடங்கியிருக்கிறது. சியோலில் 20 லிட்டர் பை சுமார் 500 வோன். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். காகிதம், கண்ணாடி, டின், பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பிரித்து வைத்தால் கட்டணம் இல்லை. அதிகம் போட்டால் அதிகம் செலவு, பிரித்தால் இலவசம் என்ற எளிய கணக்கு ஒவ்வொரு சமையலறைக்குள்ளும் போயிற்று. பையில்லாமல் கொட்டினால் பத்து லட்சம் வோன் வரை அபராதம். 1994-இல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.3 கிலோவாக இருந்த குப்பை, பிந்திய ஆண்டுகளில் சுமார் ஒரு கிலோவுக்கு வந்தது. அதற்கு முன்னரே நடந்த பெரிய சரிவுக்கு விதி காரணமல்ல. வீடுகள் கரிக்கட்டியை விட்டு எரிவாயுவுக்கு மாறியதால் சாம்பல் மறைந்தது, அவ்வளவுதான்.

உணவுக் கழிவில்தான் கொரியா உண்மையாகச் சாதித்தது. சிறுசிறு கிண்ணங்களில் பல தொடுகறிகளைப் பரப்பும் சாப்பாட்டு முறை அது. மிச்சம் அதிகம், ஈரம் அதிகம், உப்பும் அதிகம். 2005-இல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைக்கத் தடை வந்தது. அதைப் பிழிந்த நீரைக் கடலில் கொட்டும் வழக்கத்துக்கு 2013-இல் தடை வந்தது. அதே ஆண்டு முதல் எடைக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறை பரவியது. அடுக்குமாடி முற்றத்தில் நிற்கும் தொட்டியின் முன்னால் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கொட்டியதை எடைபோட்டு, அந்த வீட்டுக் கணக்கில் கட்டணம் ஏறும். நீர் இருந்தால் எடை கூடும் என்பதால் வடித்துக் கொட்டப் பழகிவிட்டார்கள். எதைப் போடலாம் என்பதற்கு எல்லோரும் வைத்திருக்கும் அளவுகோல், விலங்கு தின்னுமா என்பது. முட்டை ஓடு, எலும்பு, சிப்பி, வெங்காயத் தோல் எல்லாம் உணவுக் கழிவு அல்ல. 1990-களின் நடுவில் மிகச் சிறு பங்கே மறுபயன் கண்ட உணவுக் கழிவில் இன்று 95 விழுக்காடு அளவு தீவனமாகவும் உரமாகவும் உயிர்வாயுவாகவும் மாறுகிறது. அந்த உரத்தில் உப்பு மிகுதி, வாங்க விவசாயிகள் தயங்குகிறார்கள் என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை.

பிளாஸ்டிக் இன்னும் பெரிய சிக்கல். சீனா கழிவு இறக்குமதியை நிறுத்தியபின், 2018 ஏப்ரலில் சியோல் வட்டாரத்து நிறுவனங்கள் பிளாஸ்டிக்கை எடுக்க மறுத்தன. பிரித்து வைத்த மூட்டைகள் வீட்டு முற்றங்களில் குவிந்தன. பிரிப்பது மட்டும் போதாது, பிரித்ததை வாங்க ஆள் வேண்டும் என்பதை நகரம் அப்போது உணர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் காபிக் கடைகளுக்குள் பிளாஸ்டிக் குவளைக்கும், 2019-இல் பெரிய அங்காடிகளில் மெல்லிய பைகளுக்கும் தடை விதித்தார்கள்.

மறுபயனுக்கு வராத குப்பையை என்ன செய்வது என்ற கேள்வி மாபோ வட்டாரத்துக்கே திரும்பியிருக்கிறது. நான்ஜிடோ இருப்பது அந்த வட்டாரத்தில்தான். நாளொன்றுக்கு 750 டன் எரிக்கும் ஆலை ஒன்று 2005 முதல் அங்கே இயங்குகிறது. 2022-இல் அதன் பக்கத்திலேயே 1,000 டன் எரிக்கும் புதிய ஆலைக்கு நகர நிர்வாகம் இடம் குறித்தது. பதினைந்து ஆண்டுகள் நகரத்தின் குப்பையைச் சுமந்த பகுதி மறுபடியும் ஏன் சுமக்க வேண்டும் என்று குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜனவரியில் சியோல் நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவர்கள் கேட்டது நியாயமானது. ஒரு கோடிப் பேரின் குப்பையை ஒரே வட்டாரத்தின் தலையில் இரண்டாம் முறை ஏற்றுவதற்குப் பூங்கா ஈடாகாது. இதற்கிடையில் காலம் நெருக்குகிறது. 2021-இல் திருத்திய விதிப்படி சியோல், இஞ்சியோன், கியொங்கி ஆகிய மூன்று பகுதிகளிலும் பையில் கட்டிய வீட்டுக் குப்பையை அப்படியே புதைக்க 2026 முதல் அனுமதி இல்லை. கொரியாவின் மற்றப் பகுதிகளுக்கு அந்தக் கெடு 2030.